கன்று வாங்குவது கடைசி வேலை: உரப்பையைத் தைத்து வாசலில் மரக்கறி வைக்கும் முறை

பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் 25 கோவாக் (முட்டைக்கோஸ்) கன்றோடு வந்தாள். வந்த பிறகுதான், "அக்கா, இதை எந்தப் பையில வைக்கிறது, எப்படித் தைக்கிறது?" என்று கேட்டாள். பையைக் கழுவி, தைத்து, மண் கலந்து முடிப்பதற்குள் கன்றுகள் ஈரச் சாக்குக்குள்ளேயே மஞ்சளாகிப் போயின. கன்றில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டாள், அவ்வளவுதான்.

லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் நம் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற கொஞ்ச இடத்தில், காலி உரப்பையும் பழைய குடையும் நுளம்பு வலையும் கொண்டு நான் செய்துவருகிற முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். தையலும் தோட்டமும் இதில் ஒரே வேலை. வரிசை மாறினால் இரண்டுமே கெடும்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கன்று நடும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள். மண் தயாராக 4 வாரம் வேண்டும். லீக்ஸ் நாற்றை நீங்களே போடுவதானால் 8 வாரம் முன்பே விதை மேடையில் இருக்க வேண்டும், பென்சில் தடிப்புக்கு வர அவ்வளவு நாள் பிடிக்கும். தையல் இந்த இடைவெளிக்குள் முடிந்துவிடும். ஆகவே வரிசை இதுதான்: லீக்ஸ் விதை, மண், பை கழுவுதல், தையல், மண் நிரப்புதல், எல்லாம் முடிந்த பிறகு சந்தைக்குப் போய்க் கோவாக் கன்று.

நடும் நாளை மழைதான் தீர்மானிக்கும். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கத்தான் நல்லவை. மழை தணிந்து ஓகஸ்ட் கடைசியில் நடலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருட இறுதியில்தான் மழை, அதனால் அங்கே டிசம்பரில் தைத்து பெப்ரவரியில் நடுவது சுலபம். நுவரெலியா, கந்தப்பளை போன்ற உயரமான இடங்களில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் உறைபனி விழும். அங்கே நடுவதானால் இரவில் மூட ஒரு பழைய சேலை கைவசம் இருக்கட்டும்.

2. சேர்த்து வைக்க வேண்டியவை

50 கிலோ உரப்பை, வெளிப்பையும் உள்ளே இருக்கும் பொலித்தீன் பையும் சேர்த்து. 2021இல் உர இறக்குமதி நின்றபோது இந்தக் காலிப் பைக்கும் தட்டுப்பாடு வந்தது. அன்றிலிருந்து நான் ஒன்றையும் எறிவதில்லை. களைநாசினி, பூச்சிமருந்து கட்டி வந்த எந்தப் பையும் வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அது சாப்பாட்டுச் செடிக்கு ஆகாது.

நுளம்பு வலை: ஓட்டை விழுந்தது போதும். மருந்து தோய்த்துக் கொடுத்த வலை என்றால் தள்ளி வையுங்கள். அதை ஓடையில் அலசினால் மீனும் சாகும்.

உடைந்த குடை: துணி கிழியாமல் கம்பி வளைந்ததும் சரி, கம்பி நன்றாக இருந்து துணி கிழிந்ததும் சரி. மலையகத்தில் இது கிடைக்காத வீடு இருக்காது.

பழைய டீசேர்ட், ஜீன்ஸ், காற்சட்டை இடுப்புப் பட்டி, சட்டைப் பொத்தான்.

நைலோன் அல்லது பொலியெஸ்டர் நூல். வாங்க வேண்டிய ஒரே தையல் சாமான் இதுதான், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பருத்தி நூல் ஈர மண்ணில் சில மாதத்திலேயே மக்கி, பையின் அடி பிரிந்துவிடும். மெஷினில் தைப்பவர்கள் 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மெஷின் இல்லையென்றால் சாக்கு ஊசி போதும், ஆனால் ஓட்டத் தையல் போடாமல், ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் பின்னால் வந்து தைக்கும் பின்தையல் போடுங்கள். ஓட்டத் தையலில் ஒரு இடம் அறுந்தால் முழு நூலும் ஓடிவிடும்.

டொலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்), விதை இரண்டும் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

3. மண் முதலில்

தைக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே மண்ணில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் நாள் அதிகம்.

எங்கள் மண் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை கூடிய மண். தேயிலைக்கு அது பிடிக்கும், கோவாவுக்கும் போஞ்சிக்கும் பிடிக்காது. தேயிலை மலைக்குள்ளிருந்து மண் அள்ளிவராதீர்கள். புளிப்பும் அதிகம், களைநாசினி அடித்த மண்ணாகவும் இருக்கலாம், போதாததற்குத் தேயிலை வேரும் வெளியே தெரியும். முன்பு கோவா வைத்து, பிடுங்கும்போது வேர் கட்டி கட்டியாக வீங்கியிருந்த இடத்து மண்ணும் வேண்டாம். அந்த வேர் வீக்க நோய் பல வருடம் மண்ணிலேயே கிடக்கும், புளித்த மண்ணில் இன்னும் வலுக்கும்.

கல் பொறுக்கிய மண்ணில் 20 லீட்டருக்கு ஒரு பிடி, அதாவது 50 கிராம் அளவு டொலமைட் கலந்து, லேசாக நனைத்து, இரண்டு வாரம் மூடி வையுங்கள். அதற்குப் பிறகுதான் காய்ந்து மக்கிய மாட்டுச் சாணமும் இலைமக்கும் சேர்க்க வேண்டும்: மண் இரண்டு பங்கு, சாணம் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. டொலமைட்டையும் சாணத்தையும் ஒரே நாளில் கொட்டிக் கிளறுகிறவர்கள் நிறைய. சாணம் பச்சையாக இருந்தால் அதிலுள்ள சத்து அமோனியா வாடையாகக் காற்றில் போய்விடும். மூக்கை எரிக்கிற வாடை வந்தால் சாணம் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். டொலமைட் போட்ட மண்ணுக்கு அதையும் அள்ளி அள்ளிப் போட வேண்டாம்.

4. பையைப் பிரித்துக் கழுவுதல்

பையின் வாயில் சங்கிலித் தையல் இருக்கும். கத்தரியை எடுக்காதீர்கள். ஒரு முனையில் நூலை அவிழ்த்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் ஒரே நூலாக வந்துவிடும். வரவில்லையா, அடுத்த முனையில் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும்தான் ஓடும். அந்த நூலைச் சுற்றி வையுங்கள், போஞ்சிக்குப் பந்தல் கட்ட உதவும்.

பிறகு உள்ளும் புறமும் திருப்பி மூன்று தண்ணீர் அலசுங்கள். முதல் வருடம் நான் பீலியில் (தண்ணீர் விழும் குழாயடியில்) ஒரு தடவை நனைத்து உதறியதோடு விட்டுவிட்டேன். மடிப்பில் ஒட்டியிருந்த யூரியா கரைந்து, நோக்கோல் கன்றுகள் நான்காம் நாளே ஓரம் கருகிப் போயின. அடியில் உள்ள இரண்டு மூலைகளிலும்தான் உரம் தங்கும், அங்கே விரலை விட்டுத் தேயுங்கள். அலசிய தண்ணீரைப் பீலிக்குப் பக்கத்தில் ஊற்றாமல் மாட்டுப் புல்லுக்கு ஊற்றுங்கள்.

உள் பொலித்தீன் பையையும் கழுவிக் காயவைத்து மடித்து வையுங்கள். தக்காளிக்குக் கூரை அதுதான்.

5. வெட்டுவதும் தைப்பதும்

வெட்டுமுன் அளந்து பாருங்கள். என்னிடம் உள்ளவை தட்டையாக வைத்தால் 22 அங்குல அகலம், 36 அங்குல நீளம். கீழே உள்ள கணக்கு இந்த அளவுக்கு.

லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் பையை வெட்டவே கூடாது. முழுப் பையின் வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டிச் சுருட்டி 12 அங்குல உயரத்துக்குக் கொண்டுவந்து, அதில் நட்டு, செடி வளர வளரச் சுருளை விரித்து மண் போட வேண்டும். லீக்ஸின் வெள்ளைத் தண்டு நீள்வதும், கிழங்கு பச்சையாகாமல் இருப்பதும் இந்த மண் அணைப்பில்தான். எல்லாப் பையையும் முதல் நாளே பாதியாக வெட்டிவிட்டு, பிறகு லீக்ஸுக்குப் பை இல்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதில் எது வைக்கப்போகிறீர்கள் என்று கரியால் பையிலேயே எழுதிவிடுங்கள்.

கோவா, நோக்கோல், போஞ்சி, கீரைக்குப் பையைக் குறுக்கே பாதியாக வெட்டலாம். ஒரு பைக்கு இரண்டு தொட்டி. கீழ்ப்பாதிக்கு அடி ஏற்கெனவே தைத்திருக்கும். மேல்பாதி இரண்டு பக்கமும் திறந்த குழாய், அதற்கு அடி தைக்க வேண்டும்.

வெட்டிய ஓரம் உடனே நார் நாராகப் பிரியத் தொடங்கும். அதனால் எல்லாவற்றையும் வெட்டி அடுக்கிவிட்டு நாளைக்குத் தைக்கலாம் என்று விடாதீர்கள். வெட்டு, தை, அப்புறம் அடுத்ததை வெட்டு. மெழுகுதிரி நெருப்பில் ஓரத்தை வேகமாக ஓட்டினால் நார் உருகி ஒட்டிக்கொள்ளும். இதை இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) வெளியே, புகை முகத்தில் படாமல் செய்யுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம்.

அடித் தையல்: ஓரத்தை அரை அங்குலம் மடித்து, இன்னொரு முறை அரை அங்குலம் மடித்து, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரி தையுங்கள். தையல் நீளமாக இருக்கட்டும், அங்குலத்துக்கு 6 அல்லது 7 தையல் போதும். சட்டை தைத்துப் பழகிய கை இங்கேதான் தவறும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைத்து நானும் ஒரு பையைப் பொடித் தையலாகத் தைத்தேன். ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டை, முத்திரைத் தாளில் கிழிக்க ஓட்டை போட்ட மாதிரி. மண் நிரப்பித் தூக்கினேன், அடி அப்படியே கழன்று விழுந்தது.

மூலைத் தையல்: இதைச் செய்யாவிட்டால் பை தலையணை போல உருண்டு நிற்கும், காற்றுக்குச் சாயும். பையை உள்புறம் வெளியே திருப்புங்கள். அடி மூலை ஒன்றைப் பிடித்து, அடித் தையலும் பக்க மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி அமர்த்தினால் முக்கோணம் கிடைக்கும். அதன் நுனியிலிருந்து 5 அங்குலம் அளந்து, அந்த இடத்தில் குறுக்காக 10 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுத் தையுங்கள். அடுத்த மூலைக்கும் அப்படியே. திருப்பினால் 12க்கு 10 அங்குலத்தில் நீள்சதுரமான அடிப்பாகம் வந்திருக்கும். முக்கோணத் துண்டை வெட்டி எடுக்க வேண்டாம், அடியோடு ஒட்டிக் கிடந்தால் அங்கே இரட்டைத் தடிப்பு.

வாய் ஓரத்தை ஓர் அங்குலமாக இரண்டு தடவை மடித்துத் தைத்தால் தொட்டி 10 முதல் 11 அங்குல உயரம் நிற்கும். கிட்டத்தட்ட 20 லீட்டர் மண் பிடிக்கும்.

6. துளையும் கைப்பிடியும்

துளையைக் கத்தரியால் வெட்டினால் அங்கிருந்தும் பிரியும். பெரிய ஆணியைக் குறட்டில் பிடித்து அடுப்பில் காய்ச்சிக் குத்துங்கள். ஓரம் உருகி இறுகிவிடும். அடியில் 6, பக்கத்தில் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே 4. பக்கத் துளை எதற்கென்றால், அடித் துளையை மண் அடைத்துவிட்டாலும் மழைத்தண்ணீர் வெளியேற வேண்டும். பை நெய்த துணிதானே, தானாக வடியும் என்று சொல்வார்கள். வடியும், ஆனால் ஜூலை மழைக்கு அந்த வேகம் போதாது.

கைப்பிடிக்கு ஜீன்ஸ் இடுப்புப் பட்டி. வாய் ஓரத்தில் மட்டும் தைத்தால் தூக்கிய முதல் தடவையே ஓரம் கிழியும். பட்டியைப் பையின் அடிவழியாக எடுத்து, இரண்டு பக்கமும் மேலே கொண்டுவந்து தையுங்கள். ஈர மண்ணோடு ஒரு தொட்டி 30 கிலோ வரும், அந்தப் பாரம் பட்டியில்தான் நிற்க வேண்டும். பட்டி நீளம் போதாவிட்டால் இரண்டை இணையுங்கள், இணைப்பு அடிக்குக் கீழே வரட்டும்.

7. குடைக் கம்பியில் வலைக் கூடாரம்

கோவா வைத்தவர்களுக்குத் தெரியும், இலையைச் சல்லடையாக்குகிற சின்னப் பச்சைப் புழு. அதன் அந்துப்பூச்சி முட்டையிடாமல் தடுத்தால் மருந்து அடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அதற்குத்தான் இந்தக் கூடாரம்.

குடையின் துணியைக் கம்பி நுனிகளிலிருந்து அவிழ்த்து எடுங்கள். துணியைக் கிழிக்க வேண்டாம், தண்ணீர் இறங்காத துணி. விதைப் பை, இடுப்பில் கட்டும் படங்கு, எதுவும் தைக்கலாம். கம்பிக் கூட்டை விரித்துப் பிடித்து, அதன்மேல் நுளம்பு வலையைப் போட்டு, எட்டு நுனியிலும் உள்ள ஓட்டை வழியாக வலையை நூலால் கட்டித் தையுங்கள். ஒவ்வொரு நுனிக்கும் ஒரு சின்னத் துணித்துண்டை வலையின் மேல் வைத்துத் தைத்தால் கம்பி வலையைக் குத்திக் கிழிக்காது.

வலை குடையைச் சுற்றி நிலம்வரை தொங்க வேண்டும். குறைந்தால் வேறு வலைத் துண்டை ஒட்டுப் போடுங்கள். கீழ் ஓரத்தை இரண்டு அங்குலத்துக்கு மடித்துக் குழாய்போலத் தைத்து, உள்ளே சிறு கூழாங்கல் நிரப்புங்கள். இந்தப் பாரம் இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே வலை தூக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டி, இரு ஓரத்துக்கும் பழைய சட்டையின் பொத்தான் பட்டியையும் பொத்தான் ஓட்டைப் பட்டியையும் அப்படியே வெட்டித் தைத்தால் கதவு ரெடி. புதிதாக ஓட்டை கட்டும் வேலை மிச்சம்.

குடைக் காம்பை நான்கு தொட்டிக்கு நடுவில் ஒரு கம்போடு சேர்த்துக் கட்டி நிறுத்துங்கள். காம்பை மட்டும் மண்ணில் குத்தினால் காற்றில் சாயும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கன்றை நட்ட அன்றைக்கே, ஒவ்வோர் இலையின் அடியையும் பார்த்து முட்டையைத் துடைத்துவிட்டு மூடுங்கள். இல்லையென்றால் புழுவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதாகிவிடும். அடுத்தது, இலை வலையில் முட்டக்கூடாது, முட்டினால் பூச்சி வெளியே நின்றே முட்டை வைக்கும். போஞ்சிக்குப் பூத்த பிறகும் வலை இருக்கலாம், அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பூசணி, வெள்ளரிக்கு அப்படி இல்லை. பூ வந்ததும் வலையை எடுக்காவிட்டால் தேனீ வராது, பிஞ்சு உதிரும்.

8. வைக்கும் இடம், பிறகு நிரப்புதல்

தொட்டியை இடத்தில் வைத்துவிட்டுத்தான் மண் போட வேண்டும். நிரப்பிவிட்டு இழுத்தால் அடித் தையல் போகும். முற்பகல் வெயில் படும் இடம் நல்லது, பின்னேரம் எப்படியும் மூட்டம் போட்டுவிடும். தகரத்திலிருந்து தண்ணீர் கொட்டும் கோட்டுக்கு நேர்கீழே வேண்டாம். தண்ணீர் ஓடும் கானுக்குள்ளோ கானை மறித்தோ வைக்கவே வேண்டாம், தண்ணீர் திரும்பிப் பக்கத்துக் காம்பராவுக்குள் போகும். கட்டுமண் சரிவின் விளிம்பிலும் வேண்டாம். பத்துத் தொட்டி என்றால் 300 கிலோ, மழைக்காலத்தில் அந்த மண்மேட்டுக்கு அது சின்னப் பாரம் இல்லை.

ஒவ்வொன்றின் அடியிலும் நாலு தட்டைக் கல் அல்லது உடைந்த ஓடு வையுங்கள். நிரப்பி, தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். மண் இரண்டு அங்குலம் இறங்கும், களை முளைக்கும். களையைப் பிடுங்கி, மண்ணை மேலும் போட்டுச் சரிக்கட்டுங்கள். நிரப்பிய அன்றே நட்டால், மண் இறங்கும்போது வேர் வெளியே தெரியும்.

9. இப்போது சந்தைக்குப் போகலாம்

கோவா ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். மனசு கேட்காது, இரண்டு வைக்கத் தோன்றும், வைத்தால் இரண்டும் உருண்டை கட்டாது. நோக்கோல் இரண்டு, குற்றுப் போஞ்சி நான்கு விதை, லீக்ஸ் முழுப் பைக்கு எட்டு. கரட்டைக் கன்றாக வாங்கி நடாதீர்கள், வேர் முறிந்து கிளைத்துப்போகும். முழுப் பையில் நேராக விதைத்து, பிறகு நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி விரல் இடைவெளி விட வேண்டும்.

லீக்ஸ் நாற்றை 6 அங்குல ஆழக் குழியில் இறக்கி, குழியை மூடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மண் தானாக உள்ளே இறங்கும். பின்னேரம் நடுங்கள், இரவுக் குளிரில் கன்று நிமிர்ந்துகொள்ளும்.

நோக்கோல் இரண்டு மாதத்துக்குள் கைக்கு வரும், கோவாவுக்கு மூன்று மாதம், லீக்ஸுக்கு நடவிலிருந்து நான்கு மாதமாவது. ஆகவே முதல் தடவை எல்லாத் தொட்டியிலும் லீக்ஸ் வைத்தால் வீட்டில் உள்ளவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். ஒன்றிரண்டில் ராபு போடுங்கள், ஆறு ஏழு வாரத்தில் கறிச்சட்டிக்கு வந்துவிடும்.

10. நட்ட பிறகு

பையில் உள்ள சத்தை மழை கழுவிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பிடி மக்கிய சாணம், தண்டில் படாமல் ஓரத்தில். தக்காளியையும் போஞ்சியையும் கட்ட டீசேர்ட்டைக் குறுக்கே வெட்டிய நாடாவைப் பயன்படுத்துங்கள். அது இழுபடும், தண்டு தடிக்கும்போது அறுக்காது. சங்கிலித் தையல் நூலைத் தண்டில் கட்டாதீர்கள், பந்தல் கம்புக்கு மட்டும்.

தக்காளி இலையில் மழை நின்றால் கருகல் நோய் இரண்டே நாளில் பரவும். உள் பொலித்தீன் பையைப் பக்கவாட்டில் வெட்டி விரித்து, ஓரத்தில் துணிப்பட்டி வைத்துத் தைத்து, நாலு கம்பில் சாய்வாகக் கட்டுங்கள். பொலித்தீனை மட்டும் கட்டினால் முடிச்சுப் போட்ட இடம் கிழியும், பட்டி அதற்குத்தான். பக்கங்களை மூட வேண்டாம், காற்று ஓடட்டும்.

நத்தைக்கு இரவு எட்டு மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் எனக்குப் பலித்த வழி. கல் வைத்த இடைவெளியில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால் காலையில் அதன் அடியில் கூடியிருக்கும், எடுத்துவிடலாம். குரங்குக்கும் பன்றிக்கும் இந்த வலை தாங்காது. அவை வருகிற லயமாக இருந்தால் தொட்டிகளை இஸ்தோப்புச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

11. பை உதிர்வதற்கு முன்

வெயில் பட்டுப் பட்டு உரப்பை ஒன்றிரண்டு வருடத்தில் மொறுமொறுத்துவிடும். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைத் தூளாக வந்தால் அந்த அறுவடையோடு அதை எடுத்துவிட வேண்டும். விட்டால் பொடிப்பொடியாக மண்ணில் கலக்கும், பிறகு பொறுக்க முடியாது.

மண்ணைச் சாக்கில் கொட்டி, கோவா இருந்த மண்ணுக்கு அடுத்த தடவை போஞ்சி என்று எழுதி வையுங்கள். ஜீன்ஸ் பட்டியையும் பொத்தான் பட்டியையும் நூலை வெட்டிக் கழற்றிக் கழுவுங்கள், அடுத்த பைக்கு ஆகும். கூழாங்கல்லை வலை ஓரத்திலேயே விட்டு மடித்து வைக்காதீர்கள், எலி அந்த மடிப்பில் குட்டி போடும்.